ஷெர்கின் வெட்டிய கிணறு

1828இல் கிழக்குச் சைபீரியாவின் யாகூட்ஸ்க் நகரில் ஒருவர் தன் அலுவலக முற்றத்தில் கிணறு வெட்ட ஆட்களை இறக்கினார். பெயர் ஃபியோதர் ஷெர்கின். அலாஸ்காவில் மென்மயிர்த் தோல் வியாபாரம் செய்துவந்த ருஷ்ய-அமெரிக்கக் கம்பெனியின் யாகூட்ஸ்க் கிளைக்கு அவர்தான் நிர்வாகி. ஆராய்ச்சி செய்யும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. முற்றத்திலேயே குடிதண்ணீர் கிடைத்தால் நல்லது, அவ்வளவுதான்.

லேனா போன்ற பேராற்றின் கரையில் இருக்கும் ஊருக்குக் கிணறு எதற்கு என்று தோன்றும். லேனா அக்டோபர் கடைசியில் உறைந்தால் மே மாதம்தான் உடைகிறது. ஆண்டில் ஆறு மாதத்துக்கும் மேலாக ஆற்றின்மேல் பனிக்கட்டி கிடக்கும். ஜனவரியில் சராசரி வெப்பநிலையே −38, −39 டிகிரி. அந்தப் பகுதியில் வாழும் சகா மக்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் ஏரியிலும் ஆற்றிலும் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, மண்ணுக்குள் தோண்டிய நிலவறைகளில் அடுக்கிவைப்பார்கள். தேவைப்படும்போது ஒரு துண்டை உருக்கிக் குடிப்பார்கள். நல்ல வழிதான், ஆனால் உழைப்பு அதிகம். கிணறு இருந்தால் அந்த உழைப்பு மிச்சம்.

கிணற்று ஆசை ஷெர்கினுக்கு முன்பே பலருக்கு வந்திருந்தது. 1632இல் ருஷ்யக் கோசாக்கு வீரர்கள் லேனாக் கரையில் கோட்டை கட்டி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் இப்போதைய இடத்துக்கு மாறினார்கள். அந்த நூற்றாண்டிலேயே யாகூட்ஸ்க் ஆளுநர்கள் மாஸ்கோவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்: இங்கே எந்த வழியிலும் கிணறு வெட்ட முடியாது, கோடையில் மேல்மண் கொஞ்சம் இளகுகிறது, அதற்குக் கீழே மண் எப்போதும் உறைந்தே கிடக்கிறது என்று. 1736இல் இங்கே வந்து தங்கிய யோஹான் கேயோர்க் க்மெலின் என்ற இயற்கை அறிஞர் இந்தச் செய்தியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். அவர் தங்கியிருந்த வீடு தீப்பிடித்து, சேகரித்ததில் பெரும்பகுதி எரிந்துபோன நிலையிலும் கொண்டுபோனார். ஐரோப்பா நம்பவில்லை. அன்றைய நிலவியலில் பெரும்பெயர் பெற்றிருந்த லியோபோல்ட் ஃபான் பூஹ், கோடையில் மரமும் செடியும் தழைக்கும் நாட்டில் மண்ணுக்கடியில் இவ்வளவு ஆழத்துக்குப் பனிக்கட்டி இருக்க முடியாது என்று ஒதுக்கிவிட்டார்.

அவருடைய சந்தேகத்திலும் நியாயம் இருந்தது. யாகூட்ஸ்க்கில் ஜூலை மாதச் சராசரி 19, 20 டிகிரி. பகலில் 30ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. லார்ச் மரக்காடுகள் பச்சைப்பசேல் என்று நிற்கும். அந்த வேர்களுக்கு ஒன்றரை மீட்டர் கீழே பாறை போல உறைந்த மண் இருக்கிறது என்றால், பார்க்காதவர்கள் நம்பத் தயங்கத்தான் செய்வார்கள்.

ஷெர்கினின் ஆட்கள் வெட்டிக்கொண்டே போனார்கள். மணல், களிமண், மறுபடி மணல் என்று மாறி மாறி வந்தது. எல்லாம் உறைந்தே வந்தது. நம் ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள் ஈரம் கசிகிறதா, ஊற்றுக்கண் திறக்கிறதா என்று ஒவ்வொரு அடிக்கும் பார்ப்பார்கள். இங்கே கசிவு என்பதே இல்லை. ஈரம் முழுவதும் மண்துகள்களுக்கு நடுவே பனிக்கட்டியாகிச் சிமெண்ட் போலப் பிடித்து நின்றது. வெட்டுவது பெரும்பாடு என்றாலும் ஒரு வசதி உண்டு. சாதாரண மணலில் இப்படி ஆழமாகப் போனால் சுவர் சரிந்து ஆளை மூடிவிடும். உறைந்த மணலோ தானாகவே நின்றது.

தண்ணீர் வராது என்று தெரிந்ததும் எந்த வியாபாரியும் வேலையை நிறுத்தியிருப்பார். ஷெர்கினும் நிறுத்தும் நிலைக்கு வந்திருந்தார். அந்தச் சமயத்தில், ருஷ்ய அமெரிக்காவின் ஆளுநராகப் பொறுப்பேற்க அலாஸ்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ஃபெர்தினாந்த் விராங்கல் யாகூட்ஸ்க் வழியாக வந்தார். வடகிழக்குச் சைபீரியாவின் கடற்கரையை ஆண்டுக்கணக்கில் அளந்தவர் அவர். குழியை எட்டிப் பார்த்த உடனே அதன் மதிப்பு அவருக்குப் புரிந்துவிட்டது. தண்ணீருக்காக இல்லாவிட்டாலும் அறிவியலுக்காகத் தொடர்ந்து வெட்டுங்கள் என்றார். 1829இல் ஜெர்மன் இயற்பியலாளர் அடோல்ஃப் எர்மானும் வந்து, 15 மீட்டரளவே இறங்கியிருந்த குழியில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். உறைநிலைக்குப் பல டிகிரி கீழே காட்டியது.

வெட்டு 1837 வரை நடந்தது. கடைசியில் ஆழம் 116.4 மீட்டர். நாற்பது மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக இறக்கிவைக்கும் ஆழம், எல்லாம் கைவேலை. அடியிலும் உறைந்த நிலம்தான். ஷெர்கினின் பெயர் கிணற்றுக்கு நிலைத்துவிட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த இருட்டுக்குள் இறங்கி ஏறியவர்களைப் பற்றி நான் படித்தவற்றில் மிகக் கொஞ்சமே இருக்கிறது. ஒன்பது குளிர்காலங்களுக்கு நீண்ட வேலை அது. அவர்களுக்கு ஒரு வரியாவது கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கிணறு தோற்றுவிட்டது. துளை மட்டும் மிஞ்சியது. அதன் இரண்டாவது வாழ்க்கை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்குகிறது.

கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் என்றால் கருவியலில் பாலூட்டிகளின் கருமுட்டையைக் கண்டறிந்தவர் என்று தெரியும். அவர் பல ஆண்டுகளைப் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் அகாதெமியில் கழித்தார். சைபீரியாவின் உறைநிலம் அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. யாகூட்ஸ்க் குழியின் செய்தியை 1838இல் லண்டன் ராயல் புவியியல் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார். எழுதியதோடு நிற்கவில்லை. ஒழுங்காக அளப்பதற்கு ஓர் ஆளைத் தேடினார். கிடைத்தவர் அலெக்சாண்டர் மிட்டன்டார்ஃப், அப்போது முப்பது வயதுகூட ஆகாதவர்.

மிட்டன்டார்ஃப் 1843இல் வட சைபீரியாவின் டைமிர் தீபகற்பத்துக்குப் போனார். ஆகஸ்டில் நோய்வாய்ப்பட்டு நடக்க முடியாமல் போனபோது, உதவி தேடும்படி தோழர்களை அனுப்பிவிட்டு, வெண்பனிக்குள் 18 நாட்கள் தனியாகக் கிடந்து பிழைத்தார். அடுத்த குளிர்காலத்தில், 1844 தொடக்கத்தில், யாகூட்ஸ்க்கில் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

அவர் செய்த ஒரு காரியத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வெப்பமானியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அது குழியில் நிற்கும் காற்றின் வெப்பநிலையைத்தான் சொல்லும். மண்ணுடையதைச் சொல்லாது. மிட்டன்டார்ஃப் சுவரிலேயே பல ஆழங்களில் பக்கவாட்டாகத் துளையிட்டு, வெப்பமானிகளை மண்ணுக்குள் செருகினார். சில துளைகள் ஆழம் குறைந்தவை, சில சுவருக்குள் வெகுதூரம் போனவை. ஒரே ஆழத்தில் இரண்டும் வேறு வேறு எண்ணைக் காட்டினால், குழிக் காற்று மண்ணை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கருவியை விட அந்த எச்சரிக்கைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் கிளம்பிய பிறகும் உள்ளூர்க்காரர்கள் 1846 வரை அளவுகளை எடுத்தார்கள்.

குழியின் அடியில் கிடைத்த எண் −3 டிகிரி. மேலே போகப் போகக் குளிர் கூடியது. ஆழத்துக்கு ஏற்ப வெப்பம் ஏறும் வேகத்தைக் கணக்கிட்டு, உறைநிலம் ஏறக்குறைய 200 மீட்டர் வரை போகும் என்றார் மிட்டன்டார்ஃப். பூமியின் உள்ளிருந்து வரும் சூடும் மேலிருந்து இறங்கும் குளிரும் சந்தித்து 0 டிகிரியில் நிற்கும் இடம் அது. உறைநிலம் இருக்கிறதா இல்லையா என்ற பழைய வாதம் இத்தோடு முடிந்தது. எவ்வளவு ஆழம், ஏன் அந்த ஆழம், எங்கே அது அறுபட்டுப் போகிறது என்ற கேள்விகள் தொடங்கின. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, இங்கே புறப்பட்டது ஓர் அறிவியல்.

எண்கள்மீது சந்தேகமும் சீக்கிரமே வந்தது. அந்தச் சந்தேகத்துக்குள்தான் முழு விஷயமும் இருக்கிறது.

குளிர்காலத்தில் யாகூட்ஸ்க்கின் காற்று −40க்குப் போகிறது. குளிர்ந்த காற்று கனமானது. திறந்த குழியின் வாயில் அது நின்றால், உள்ளே இருக்கும் −5, −6 டிகிரிக் காற்றைத் தள்ளிவிட்டு அடிவரை இறங்கும். வெளியே வந்த காற்றின் இடத்தில் இன்னும் குளிர்ந்த காற்று இறங்கும். மாதக்கணக்கில் இது நடக்கிறது. கோடையில் வெளிக்காற்று சூடாகி லேசாகிறது. லேசான காற்று கனமான குளிர்க்காற்றின்மேல் மிதக்குமே தவிரக் கீழே இறங்காது. ஆகவே குழி குளிர்காலத்தை மட்டும் உள்ளே விடுகிறது, கோடையை விடுவதில்லை. வெட்டிக்கொண்டிருந்த அத்தனை ஆண்டுகளும் அது திறந்தே கிடந்தது. சுவர்கள் தங்கள் இயல்பைவிடக் குளிர்ந்துபோயிருந்தன. மிட்டன்டார்ஃப் அளந்ததில் மண்ணின் குளிரோடு கிணற்றின் குளிரும் கலந்திருந்தது. அவர் கணக்கிட்ட தடிமனைப் பின்னால் வந்த துளைகள் திருத்தின. யாகூட்ஸ்க் சுற்றுப்புறத்தில் உறைநிலம் 200 மீட்டருக்கு மேல், சில இடங்களில் 300ஐயும் தாண்டிப் போகிறது.

மண்ணுக்கு மேலே என்ன இருக்கிறது என்பதே கீழே உள்ள வெப்பநிலையைத் தீர்மானிக்கிறது. மேலே ஒரு துளை திறந்திருந்தாலும் அது தன் பங்கைச் செய்துவிடும். ஷெர்கினின் கிணறு குளிர்ந்தது போலவே, ஏரி சூடாக்கும், வெண்பனி போர்த்தும், காடு நிழல்தரும், வீடு உருக்கும். நிரந்தர உறைநிலத்தைப் பற்றி எந்த எண்ணைக் கேட்டாலும், மேலே என்ன இருந்தது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஒரு கோடையின் சூடு மண்ணுக்குள் எப்படிப் பயணம் போகிறது என்று பார்ப்போம். மே மாதத்தில் வெண்பனி உருகியதும் சூரியன் மண்ணைத் தொடுகிறது. காட்டில் முதலில் எதிர்ப்படுவது பாசி மெத்தை. உலர்ந்த பாசி சூட்டைச் சுலபமாக விடாது. அதைத் தாண்டினால் உறைந்த ஈரம். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் தேவை. உருகிவந்த அதே தண்ணீரை 0விலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கப் போதுமான ஆற்றல் அது. இளகும் இடத்தின் வெப்பநிலை 0விலேயே நிற்க, சூடு முழுவதும் உருக்கத்துக்கே செலவாகிறது. அதனால்தான் 20 டிகிரி ஜூலையிலும் இளகல் காட்டுக்குள் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்திலேயே நின்றுபோகிறது. திறந்த மணலில் இரண்டு மீட்டரைத் தாண்டும்.

குளிர்காலம் வேறு கதை. பனிக்கட்டி தண்ணீரைவிட நான்கு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஈரமான பாசி உறைந்ததும், கோடையில் தடுப்பாக இருந்த அதே மெத்தை குளிருக்குக் கதவு திறந்துவிடுகிறது. மண் கோடையில் தயங்கித் தயங்கி வாங்கியதைக் குளிர்காலத்தில் தாராளமாகக் கொடுத்துவிடுகிறது. யாகூட்ஸ்க்கில் வெண்பனியும் மெல்லியது. ஆண்டு மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 240 மில்லிமீட்டர்தான். போர்வை மெல்லியதாக இருப்பதால் குளிர் நன்றாக உள்ளே இறங்குகிறது.

இளகும் அடுக்குக்குக் கீழே போன சூடு மெல்ல மெல்லத் தேய்கிறது. நம் மொட்டை மாடித் தளம் மதிய வெயிலை வாங்கி ராத்திரியில் அறைக்குள் கக்குகிறதல்லவா, அதே தாமதம் இங்கே மாதக்கணக்கில் நடக்கிறது. 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கோடை வந்துசேர ஏறக்குறைய அரையாண்டு ஆகிறது. மேலே −40 அடிக்கும்போது அங்கே போன கோடையின் உச்சம் நடக்கிறது, அதுவும் ஓரிரு டிகிரி அசைவாக. 15, 20 மீட்டரில் அந்த அசைவும் அடங்கிவிடும். அங்கிருந்து கீழே ஆண்டு முழுவதும் ஒரே எண். யாகூட்ஸ்க் பகுதியில் பல இடங்களில் அது −2இலிருந்து −4 வரை.

அந்த ஆழத்துக்குக் கீழே ஒற்றைக் கோடையோ ஒற்றைக் குளிர்காலமோ எட்டுவதில்லை. பல ஆண்டுகள் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால்தான் எட்டும். 100 மீட்டருக்கு ஒரு மாற்றம் போய்ச்சேர ஒரு மனித ஆயுளே பிடிக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஆர்தர் லேக்கன்ப்ரூக், மார்ஷல் இருவரும் 1986இல் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். வட அலாஸ்காவில் எண்ணெய்க்காகப் போட்ட துளைகளில் வெப்பநிலையை ஆழம் ஆழமாக அளந்து, மேல்பகுதியில் கோடு வளைந்திருப்பதைப் பார்த்தார்கள். அந்த வளைவிலிருந்து, கடந்த சில பத்தாண்டுகள் முதல் ஒரு நூற்றாண்டுக்குள் மேற்பரப்பு 2 முதல் 4 டிகிரி சூடாகியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். வானிலை நிலையமே இல்லாத இடங்களில் மண் தானே குறித்துவைத்திருந்த பதிவு அது.

ஷெர்கின் தேடிய தண்ணீருக்கு வருவோம். அது இருந்தது. அவர் முற்றத்தில் இல்லை.

யாகூட்ஸ்க்கின் ஏரிகளில் குளிர்காலப் பனிக்கட்டி இரண்டு மீட்டருக்குள்தான் வளரும். அதைவிட ஆழமான ஏரி அடிவரை உறைவதில்லை. மேலே −40 இருந்தாலும் ஏரியின் அடிமண் ஆண்டு முழுவதும் 0வுக்கு மேலேயே இருக்கிறது. அந்த மண் தன் கீழுள்ள உறைநிலத்தை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கிக்கொண்டே போகும். உறைநிலத்தின் நடுவில் இப்படி உறையாமல் கிடக்கும் பகுதியைத் தாலிக் என்கிறார்கள். சிறிய ஏரியின் கீழ் அது கிண்ணம் போல நிற்கும். ஏரி அகலமாகவும் பழையதாகவும் இருந்தால் இருபக்கத்துக் குளிராலும் மூட முடியாத அளவுக்கு ஆழமாகி, சில சமயம் உறைநிலத்தை முழுவதும் துளைத்து அடி நிலத்தடிநீரோடு கலந்துவிடும். லேனா போன்ற ஆற்றின் ஆழமான படுகைக்கும் இதே கதைதான். ஷெர்கினின் முற்றத்தில் 116 மீட்டர் வெட்டியும் சொட்டு நீர் வரவில்லை. அந்த ஆற்றுப் படுகைக்குக் கீழே மணல் உறையாமல் ஈரமாகக் கிடந்தது.

லேனாவின் வலக்கரையில், நகரத்துக்குத் தெற்கே பெஸ்த்யாஹ் என்ற மணல்மேடு இருக்கிறது. அங்கே தாலிக்குகளின் வழியே நடக்கும் தண்ணீரைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேட்டின் ஏரிகளிலிருந்தும் மழையிலிருந்தும் இறங்கிய நீர், மேலும் கீழும் உறைந்த மண்ணுக்கு நடுவே மணல் வழியாக ஊர்ந்து, சரிவின் அடியில் ஊற்றாக வெளியே வருகிறது. புலூஸ், உலாஹான்-தாரின் என்ற ஊற்றுகள் பெயர்பெற்றவை. 0 டிகிரிக்குக் கொஞ்சமே மேலான இந்த நீர் குளிர்காலத்திலும் நிற்பதில்லை. வெளியே வந்ததும் உறைகிறது, அதன்மேல் அடுத்த நாள் நீர் பரவி உறைகிறது. இப்படி அடுக்கடுக்காகக் குவிந்த பனிக்கட்டிமேடு ஜூலை வெயிலிலும் மீந்திருக்கும். புலூஸில் அந்தப் பனிக்கட்டியைப் பார்க்கவே நகரத்து மக்கள் கோடையில் குடும்பத்தோடு வருகிறார்கள்.

தண்ணீர் இருக்கும் மூன்றாவது இடம், உறைநிலத்துக்கு அடியில். யாகூட்ஸ்க்கின் கீழே அழுத்தத்தோடு நிற்கும் பெரிய நிலத்தடிநீர்த் தொகுதி இருப்பதை 20ஆம் நூற்றாண்டில் ஆழ்துளைகள் காட்டின. பாவெல் மெல்னிகோவ் என்ற ஆய்வாளரின் பெயர் அதோடு சேர்ந்தது. ஷெர்கின் தான் நின்ற இடத்தைப்போல இன்னும் ஒரு மடங்காவது இறங்கியிருந்தால்தான் அந்த நீரைத் தொட்டிருப்பார். கைக்கடப்பாரையால் அது நடக்கிற காரியம் இல்லை.

கிணற்றின் மூன்றாவது வாழ்க்கை சோவியத் காலத்தில் தொடங்கியது. ரயில்பாதைகள் வளைந்தன, சூடான கட்டடங்கள் தங்கள் அடிமண்ணையே உருக்கி விரிசல் விட்டன. உறைநிலத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு சுவரும் நிற்காது என்ற நிலை. மிஹாயில் சும்கின் 1927இல் சோவியத் நாட்டின் உறைநிலத்தைப் பற்றி எழுதிய புத்தகம் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது. 1960இல் யாகூட்ஸ்க்கில் உறைநில ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் எழுந்தது. இன்று அது மெல்னிகோவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. வாசலில் மாமூத் சிலை நிற்கும், அடியில் உறைந்த மண்ணுக்குள்ளேயே ஆய்வறைகள். ஷெர்கினின் கிணறும் மரக்கூரையின் கீழ் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக. நகரத்தின் கட்டடங்கள் தூண்களின்மேல் ஏறி நிற்கின்றன. தரைக்கும் வீட்டுக்கும் நடுவே விட்ட இடைவெளியில் குளிர்காலக் காற்று ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் திறந்த கிணற்றின் சுவரைக் குளிரவைத்து மிட்டன்டார்ஃபின் கணக்கைக் கெடுத்த அதே காற்றை, இப்போது வேண்டுமென்றே அழைத்து வீட்டின் அடிமண்ணை உறையவைத்துக் காக்கிறார்கள். இந்தத் திருப்பம் எனக்கு மிகவும் பிடித்தது.

இன்று அளப்பதற்கு ஆள் இறங்கத் தேவையில்லை. குறுகிய துளை போட்டு, குழாய் இறக்கி, அதற்குள் தெர்மிஸ்டர்கள் என்ற மின் வெப்ப உணரிகளைக் கோத்த கம்பியைத் தொங்கவிடுகிறார்கள். வாயை அடைத்துவிடுகிறார்கள், காற்று உள்ளே சுற்றக்கூடாது என்பதற்காக. துளையைத் தோண்டியபோது ஏறிய சூடு வடியும்வரை காத்திருந்த பிறகுதான் எண்ணை நம்புகிறார்கள். இப்படி உலகெங்கும் உள்ள துளைகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வந்த ஆய்வு, 2007 முதல் 2016 வரை உறைநிலம் சராசரியாக 0.29 டிகிரி சூடாகியிருப்பதாகச் சொன்னது. ஆண்டின் அசைவு எட்டாத ஆழத்தில் எடுத்த எண் இது. அதனால்தான் அந்தப் பின்னத்தைச் சாதாரணமாகத் தாண்டிப்போக முடியவில்லை.

−8இல் இருக்கும் மண் −7 ஆனால் பார்வைக்கு எதுவும் மாறாது. −1இலிருந்து 0வைத் தொட்டால் வெப்பமானி அங்கேயே நின்றுவிடும், சூடெல்லாம் உருக்கத்துக்குப் போகும். எண் அசையாத அந்தக் காலத்தில்தான் நிலம் உண்மையில் மாறிக்கொண்டிருக்கும். ஆகவே வெப்பநிலையை மட்டும் பார்க்கிறவர் ஏமாறக்கூடும். இளகல் எவ்வளவு ஆழம் போனது, மறுபடி முழுவதும் உறைந்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யாகூட்ஸ்க்கைச் சுற்றிய சமவெளியில் இதன் விளைவு கண்முன்னே இருக்கிறது. அந்த மண்ணுக்குள் ஆப்பு வடிவத்தில் பெரிய பனிக்கட்டிகள் புதைந்திருக்கின்றன, பனியுகத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்ந்தவை. அவை உருகினால் மேலே நிலம் தாழும். தாழ்ந்த இடத்தில் நீர் தேங்கும். தேங்கிய நீர் குளிர்காலத்தில் அடிவரை உறையாத அளவு ஆழமானால் அதன்கீழ் தாலிக் பிறக்கும். தாலிக் இன்னும் பனிக்கட்டியை உருக்க, குளம் இன்னும் ஆழமாகும். பழங்காலத்தில் இப்படித் தாழ்ந்து, ஏரி வடிந்து, புல்வெளியான பள்ளங்களைச் சகா மக்கள் அலாஸ் என்கிறார்கள். அவர்களுடைய மாடும் குதிரையும் அந்தப் புல்லையே தின்று வளர்ந்தன. பழைய இளகல் அவர்களுக்குப் புல்வெளி கொடுத்தது. வீட்டையும் வயலையும் பள்ளம் பள்ளமாக இறக்குவது இன்று நடக்கும் இளகல். லேனாவின் வலக்கரையில் யுகேச்சி என்ற இடத்தில் 1990களின் தொடக்கத்திலிருந்தே ஆய்வாளர்கள் நிலம் தாழ்வதை அளந்துவருகிறார்கள்.

2000களின் நடுவில் இந்தப் பகுதியில் சில ஆண்டுகள் வழக்கத்துக்கு மேலான மழையும் பனியும் வந்தன. கோடை மழை இளகும் அடுக்கை நனைத்தது. குளிர்கால வெண்பனி தடித்த போர்வையாகி, மண் குளிர்வதைத் தடுத்தது. ஸ்பாஸ்காயா பாத் ஆய்வுக் காட்டில் இளகும் அடுக்கு ஆழமாகி, வேர்கள் நீர்தேங்கி, லார்ச் மரங்கள் பட்டுப்போனதை ருஷ்ய, ஜப்பானிய ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். காற்றின் சூடு மட்டும் காரணமில்லை. மேலே போர்த்தியது மாறியதும் கீழே மாறியது. யாகூட்ஸ்க் கிணறு திறந்த வாயால் குளிர்ந்ததும், இந்தக் காடு மூடிய வெண்பனியால் சூடானதும் ஒரே விதியின் இரண்டு பக்கங்கள்.

இதற்கடுத்து ஒரு படி இருக்கிறது. ஏரி, ஆறு எதுவும் மேலே இல்லாமலே, கோடையில் இளகிய அடுக்கின் அடிப்பகுதி குளிர்காலம் முடிந்தும் உறையாமல் எஞ்சிவிடலாம். அலாஸ்காவின் உட்பகுதியில் வெண்பனி கூடிய குளிர்காலங்களில் பல இடங்களில் இப்படி நடந்திருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் மேலிருந்து உறைந்து கீழே உறைநிலத்தோடு சேரும் அடுக்கு, சேராமலே அடுத்த கோடைக்குள் நுழைகிறது. நடுவில் உறையாத ஒரு பட்டை நின்றுவிடுகிறது. அந்தப் பட்டைக்குள் ஆண்டு முழுவதும் நீர் நகரலாம், நுண்ணுயிர்கள் குளிர்காலத்திலும் மட்கை உண்டு கார்பன் டையாக்சைடும் மீத்தேனும் வெளியிடலாம். அடுத்த கோடையில் சூடு அங்கிருந்தே கீழே தொடங்கும்.

வெண்பனி குறைந்த, கடுங்குளிரான ஒரு குளிர்காலம் வந்தால் பட்டை மூடிக்கொள்ளவும் கூடும். தொடர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் மூடாமல் போனால் வழக்கமான குளிர்காலத்தால் அதை மறுபடி உறையவைக்க முடியாத ஆழத்துக்குப் போய்விடும். எனவே இப்போது உறைநிலத்தில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி மே மாதத்துக்கு உரியது. வெண்பனி உருகத் தொடங்கும் அந்த வாரத்தில், போன ஆண்டின் கடைசிச் சூடு மண்ணுக்குள் இன்னும் உறையாமல் இருக்கிறதா? இதைத் தெரிந்துகொள்ள 116 மீட்டர் வேண்டாம். இரண்டு, மூன்று மீட்டர் ஆழத்தில் ஒரு தெர்மிஸ்டர் கம்பி போதும், அதே இடத்தில், ஆண்டுக்கணக்கில் விடாமல் யாராவது படித்துக்கொண்டே இருந்தால்.